மணப் பதிவேடுகளில் நம் முன்னோர்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில், குடும்ப வரலாறு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அரச குடும்பங்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். நம் குடும்பங்களின் வரலாற்றை எங்கே படிப்பது? அதற்கு உதவக்கூடிய ஒரு வகைச் சான்றைப் பற்றி மட்டும் இன்று கூற விழைகின்றேன். பழைய திருமணப் பதிவேடுகளே அவை. அவற்றுள்ளும், படிப்போர் பிழையென்று எண்ணிக் கடந்து செல்லும் வழக்கமற்ற குறிப்புகளையே சிறப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் கீழக்குயில்குடியின் சமணர் மலையை அறியாதார் இங்கே இரார். அம்மலையின் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக உள்ள திருமேனிகளின் கீழ் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்த செய்தியைக் கூறுகிறது. துறவு பூண்ட மகனின் பெயரும் பெற்ற தாயின் பெயரும் உறவு முறையோடு கல்லில் நிற்கின்றன. ஒரு தாய்க்கும் மகனுக்கும் உள்ள உறவை அறிய நமக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கிறது. ஆயின், அதே மலையடியில் ஏர் உழுது, மாடு மேய்த்து, ஏற்றம் இறைத்து வாழ்ந்த நம் முன்னோருக்கு அத்தகைய ஒரு வரியேனும் உண்டா?

பதிவு ஏன் இல்லை?

நம்மில் பலருக்குப் பாட்டனார் பெயர் தெரியும். பூட்டனார் பெயர் தெரியாது. இதற்கு நம் முன்னோரின் மறதி காரணமன்று. பெயர் எழுதப்படும் இடங்களில் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. ஊர்க்கணக்கில் பட்டாதாரர் பெயர் இருக்கும்; அவர் வயலில் நாற்று நட்டவர் பெயர் இராது. கோயிற் கணக்கில் உபயதாரர் பெயர் இருக்கும். கோயிலுக்குள் நுழைய விடப்படாதவர் பெயர் இராது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்கள் நம்மவரை அழைத்துச் சென்ற நாள் 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள். அதற்கு முன் நம் குடும்பத் திருமணம் எதுவும் அக்கோயிலில் நடந்திருக்கவும் முடியாது, எழுதப்பட்டிருக்கவும் முடியாது. திருமணங்கள் சேரியில், உறவினர் முன்னிலையில், தாலி கட்டி நிறைவேறின. சாட்சி சொன்னவர்களின் நினைவே பதிவேடாக இருந்தது. அவர்கள் மறைந்தபோது அப்பதிவேடும் மறைந்தது.

நம்மவர் பெயர் எழுதப்பட்ட இடம் அறவே இல்லையென்றும் கூற இயலாது. அடிமை விற்பனையை எழுதிய ஆளோலைகளில் கணவன், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் வரும். அடிமை முறையைச் சட்டம் ஏற்பதில்லை என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் கூறிய பின்னரும், தஞ்சை முதலிய நெல் விளையும் பகுதிகளில் பண்ணையாள் தன் திருமணச் செலவுக்கு மிராசுதாரரிடம் கடன் பெற்று, அக்கடனுக்காகவே ஆயுள் முழுதும் கட்டுப்பட்டிருந்தான். அத்தகைய குடும்பத்தில் திருமணத்தின் எழுத்துச் சான்று கடன் சீட்டாகவே இருந்திருக்கும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல்தான் வந்தது என்பதை இங்குள்ள மாணவர்கள் நினைவிற் கொள்க.

தேவாலயப் பதிவேடு

விற்பனைப் பொருளாகவும் கடனாளியாகவும் எழுதப்பட்ட நம்மவர், மணமகன், மணமகள் என்று எழுதப்பட்ட முதல் ஏடுகளுள் தேவாலயப் பதிவேடுகள் குறிப்பிடத்தக்கவை. ஒரே குடும்பத்தில் ஒரு கிளை முனியாண்டி கோயிலுக்கும் மற்றொரு கிளை தேவாலயத்திற்கும் செல்வது நம்மிடையே புதிதன்று. ஆகவே, எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், தம் முன்னோருள் ஒருவரை அவ்வேடுகளில் காணக்கூடும்.

கத்தோலிக்க மதுரை மிஷன் 1606-இல் தொடங்கியது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் வந்தது. நமக்கு அண்மையிலுள்ள பசுமலையில் 1845 முதல் அதன் கல்விப் பணி நடைபெற்றது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் பதிவேட்டிற்கு ஒரு படிவத்தை வகுத்தது. மணநாள், இருவர் பெயர், வயது, மணமாகாதவரா கைம்பெண்ணா என்னும் நிலை, தொழில், குடியிருக்கும் ஊர், தந்தை பெயர், சாட்சிகள் என்று அதில் பத்திகள் உண்டு. உரிய கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடவும் படி எடுக்கவும் அச்சட்டமே வழி செய்திருக்கிறது.

இனி, இப்பத்திகளில் காணும் வழக்கமற்ற குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கையொப்பத்தின் இடத்தில் உள்ள கீறல். பெருக்கற் குறி போன்ற ஒரு கோடும், அருகே ‘இன்னாரின் குறி’ என்று மற்றொருவர் எழுதியதும் இருக்கும். எழுதத் தெரியாதவர் இடும் குறிக்குத் தமிழில் ‘தற்குறி’ என்று பெயர். தன்னுடைய குறி என்பதே அதன் பொருள். பிற்காலத்தில் அது வசைச் சொல்லாயிற்று. என் வகுப்பில் எந்த மாணவனையும் அச்சொல்லால் யாரும் அழைக்க நான் விடுவதில்லை. அக்கீறலை இட்டவர் அந்நாளில் அவ்விடத்தில் நேரில் நின்றார் என்பதற்கு அதுவே சான்று. அவர் விரல்பட்ட இடமாக நமக்கு எஞ்சியிருப்பது அது ஒன்றாகவே இருக்கலாம்.

இரண்டாவது, தந்தை பெயர்ப் பத்தி. மணமகன் பெயர் விவிலியப் பெயராகவும், தந்தை பெயர் கருப்பன், மாடன், சின்னான் என்பது போலவும் இருக்குமாயின், மதமாற்றம் மகன் தலைமுறையில் நிகழ்ந்தது என்று உய்த்துணரலாம். இருவர் பெயரும் விவிலியப் பெயராயின் ஒரு தலைமுறை பின்னே சென்று தேட வேண்டும்.

மூன்றாவது, கைம்பெண் என்னும் குறிப்பு. நம் குடும்பங்களில் கைம்பெண் மறுமணம் நெடுங்காலமாக இயல்பாக இருந்து வந்தது. அக்குறிப்பைக் கவனியாது விட்டால், ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவருக்குத் தந்தை பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்பது விளங்காது. விளங்காதபோது தவறான பேச்சு எழும். விளங்கினால், ஒரு பெண் துயரத்திலிருந்து மீண்டு மறுவாழ்வு பெற்ற செய்தி கிடைக்கும்.

நான்காவது, உறவு விலக்குக் குறிப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் முறைப்படி நெருங்கிய இரத்த உறவினர் மணம் செய்யத் தனி அனுமதி பெற வேண்டும். நம்மிடையே அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகனையும் மணப்பது முறையாக இருந்தமையால், இத்தகைய அனுமதி பெற்ற குறிப்பு ஏட்டில் எழுதப்பட்டது. வெளிநாட்டுக் குருவுக்கு அது ஒரு தடையாகத் தோன்றியிருக்கும். வரலாறு தேடும் நமக்கோ அது பெருந்துணை. மணமகனும் மணமகளும் எந்த முறையில் உறவினர் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடுவதால், இருவர் கிளையையும் ஒரே முன்னோரிடம் கொண்டு சேர்க்க இயலும்.

ஐந்தாவது, ஓரக் குறிப்பு. 1908-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணைப்படி, ஒருவர் மணமுடித்தால் அச்செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் எழுத வேண்டும். ஆகவே, பெண் பிறந்த ஊரின் ஏட்டைப் பார்த்தாலே, அவர் எந்த ஊருக்கு, யாருக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றார் என்பது தெரியவரலாம். குடும்ப வரலாற்றில் பெண்களின் தடம் திருமணத்தோடு மறைந்துவிடுகிறது என்பர். அத்தடத்தைக் காட்டும் அரிய குறிப்பு இது.

வயது பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. 1872-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியக் கிறித்தவர்க்கென வகுத்த எளிய முறையில் மணமகனுக்குப் பதினாறுக்கும், மணமகளுக்குப் பதின்மூன்றுக்கும் மேற்பட்ட வயது வேண்டும் என்றது. 1929-ஆம் ஆண்டின் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்றது. பிறந்த நாள் எழுதப்படாத காலத்தில், சட்டத்திற்குப் பொருந்துமாறு வயது சொல்லப்பட்டிருக்கலாம். எனவே வயதுப் பத்தியை மட்டும் கொண்டு பிறந்த ஆண்டை முடிவு செய்தல் கூடாது.

ஒரு பதிவும் அதன் துணைப் பதிவும்

என் அப்பத்தாவின் மணப் பதிவை ஓர் எடுத்துக்காட்டாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். 1930-களில் மதுரைக்கு மேற்கே ஒரு சிறு தேவாலயத்தில் நடந்த மணம் அது. தந்தை பெயர் எழுத வேண்டிய பத்தியில் அவருடைய தாயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் ‘கண்டி’ என்று ஒரு சொல். வேறொன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் அப்பத்தாவின் தந்தையைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஊரில் சிலர் பேசியதை அவர் காதால் கேட்டே வாழ்ந்தார் என்று என் தந்தையார் கூறுவார்.

பதிவேட்டை மேலும் புரட்டியபோது, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய தம்பியின் திருமணம் அதே ஏட்டில் இருந்தது. தாயின் ஊரும் சாட்சிகளுள் ஒருவரும் பொருந்தின. இம்முறை தந்தை பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ‘காலஞ்சென்றவர், தோட்டக் கூலி, கண்டி’ என்று விவரமும் இருந்தது. அக்காள் கீறலிட்ட ஏட்டில் தம்பி தம் பெயரை எழுத்துக் கூட்டிக் கையொப்பமாகவே இட்டிருந்தார். அவர் மிஷன் இரவுப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்தவர். முதற் பதிவின்போது, கடல் கடந்து சென்ற தந்தை இருக்கின்றாரா இல்லையா என்றே வீட்டாருக்குத் தெரிந்திராது. எழுதுபவரும் வற்புறுத்திக் கேட்டிரார். எழுதப் படிக்கத் தெரிந்த மகன், தந்தையின் பெயர் விடுபட்டுப் போகாதபடி சொல்லி எழுதுவித்தார் என்று கருத இடமுண்டு.

இதனால் என் அப்பத்தாவின் மதிப்பு கூடிவிட்டது என்று நான் கூறமாட்டேன். தந்தை பெயர் என்றுமே கிடைக்காமற் போயிருந்தாலும், அவர் ஐந்து பிள்ளைகளைக் கூலி வேலை செய்து ஆளாக்கியவரே. ஆனால் ஒரு பழிச்சொல் பொய் என்பது எண்பது ஆண்டுகளுக்குப் பின்னராவது எழுத்தில் தெரிந்தது. பதிவு தேடுவோர்க்கு இதில் ஒரு பாடமும் உண்டு. ஒரு பதிவில் குறை இருப்பின், உடன்பிறந்தார் பதிவைத் தேடுக. ஒருவர் பதிவில் விடுபட்டது மற்றவர் பதிவில் இருக்கக்கூடும்.

கடல் கடந்த பதிவுகள்

கண்டி என்று சொன்னமையால் கடல் கடந்த நம்மவரைப் பற்றியும் கூற வேண்டும். மொரீசியசுக்கு 1834 முதல் ஏறத்தாழ நான்கரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் தரப்பட்டது. அந்நாட்டின் பிறப்பு, மணப் பதிவுகளில் பெயரோடு அந்த எண்ணும் எழுதப்பட்டது. மணமேடையில் நிற்பவர் பெயருக்கருகே எண் எழுதுவது எவ்வளவு கொடிய வழக்கம்! ஆயின் இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் அந்த எண்ணைக் கொண்டு, மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களில் தேடி, தம் முன்னோர் எந்த மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலிருந்து வந்தனர் என்று கண்டறிகின்றனர்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதற் கப்பலான ‘டிரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் அவ்வாறு சென்றனர். கப்பற் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை எழுதப்பட்டன. சாதிப் பத்தியில் நம்மவரின் பெயர்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. உள்ளூர்க் கர்ணம் எழுத மறுத்த பெயர்கள் அந்நியர் ஏட்டில் இடம் பெற்றன!

இப்பட்டியல்களில் கணவன் ஓர் ஊர், மனைவி வேறோர் ஊர், சாதியும் வேறு என்று காணும் பதிவுகள் உண்டு. கப்பலுக்குக் காத்திருந்த முகாமிலேயே துணை தேடிக்கொண்டவர்களும் பலர். குடும்பத்தைத் துறந்து வந்தவர், கைம்பெண், காதலித்து ஓடி வந்தவர் என எத்தனையோ வாழ்க்கைகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கும். கிராமத்தில் கொலைக்கும் ஊர்விலக்கத்திற்கும் காரணமாகும் கலப்பு மணம், கப்பல் முகாமில் ஒரு குமாஸ்தாவின் பேனாவால் சாதாரணமாக எழுதப்பட்டுவிட்டது.

மணப் பதிவு இல்லாமையால் நேர்ந்த பெருந்துன்பமும் அங்கேதான் வெளிப்பட்டது. 1913-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் கேப் மாகாண நீதிபதி சர்ல், கிறித்தவ முறைப்படி நிகழாத மணங்களைச் சட்டம் ஏற்காது என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியராக இல்லாமற் போயினர். பிள்ளைகளின் உரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. அதுவரை வீட்டிலிருந்த பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்று விடுதலையான தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறு வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறி, ஒருதார மணங்களுக்கு ஏற்பு கிடைத்தது.

இலங்கையில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரின் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் பிறந்து, மாரியம்மன் கோயில் முன் தாலி கட்டிக்கொண்ட மக்களில் பலருக்குச் சான்று ஏது? 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றவர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்றன. அவ்வாறு வந்து மதுரை மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் உண்டு. தலைமுறைகளின் பெயரை எழுதி வைத்தல் செல்வர்களின் பொழுதுபோக்கு என்று இனியும் யாரும் கூற வேண்டாம்.

சாதிப் பெயர் காலத்தைக் காட்டும்

பழைய ஏடுகளில் நம்மை எந்தப் பெயரால் எழுதினர் என்பதும் கவனிக்கத்தக்கது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிவத்தில் சாதிக்கென்று பத்தி இல்லை. எனினும் சில குருமார் பெயருக்கருகிலோ ஓரத்திலோ அதனை எழுதினர். அச்சொற்கள் நெஞ்சைச் சுடும். ஆனால் அவை காலத்தைக் காட்டும் கருவியாகவும் பயன்படும். பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதவேண்டும் என எம்.சி. இராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் 1922-இல் நிறைவேறி அரசாணையாயிற்று. ஆகவே ஆண்டு சிதைந்துபோன ஒரு தாளில் ஆதிதிராவிடர் என்று இருப்பின், அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது எனலாம். ‘பட்டியல் சாதி’ என்னும் வழக்கு 1936-ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னரே பரவியது. தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயரின் கீழ் ஏழு பிரிவுகள் பட்டியலில் சேர்ந்தது 2021-இல்.

பழைய ஏட்டில் இழிசொல்லைக் கண்டால் அதை அடித்துவிட வேண்டும் என்று இளைஞர்க்குத் தோன்றும். அவ்வாறு செய்தல் ஆகாது. எழுதியவரின் மனத்தை அது காட்டுகிறது. நம் முன்னோர் எதைத் தாங்கி வாழ்ந்தனர் என்பதையும் காட்டுகிறது. அதுவன்றி, நீதிமன்றத்திலும் அது தேவைப்படலாம். கேரளத்தைச் சேர்ந்த கே.பி. மனு என்பவரின் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அறிந்திருப்பீர்கள். அவருடைய பாட்டனார் புலையர் சாதியிலிருந்து கிறித்தவரானவர். பேரன் இந்து சமயத்திற்குத் திரும்பினார். சாதிச் சான்றிதழை நீக்கிய ஆணையை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முன்னோர் அப்பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்குத் தெளிவான சான்று, தாய்ச் சமயத்திற்குத் திரும்பியமை, சமுதாயத்தார் ஏற்றுக்கொண்டமை ஆகிய மூன்றையும் நிறுவவேண்டும் என்று கூறியது. முன்னோர் யார் என்பதற்கான சான்றைப் பழைய ஏடுகளில்தானே தேட வேண்டும்?

அழைப்பிதழும் மொய் நோட்டும்

தேவாலயத் தொடர்பு இல்லாத குடும்பங்கள் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கலாம். அவர்களுக்கும் ஏடுகள் உண்டு.

அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928-இல் தந்தை பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் அத்தகைய மணங்கள் பல ஊர்களில் நடைபெற்று, ‘குடி அரசு’ இதழில் செய்திகளாக வெளிவந்தன. புரோகிதரும் இல்லை, அரசுப் பதிவும் இல்லை; இதழில் வந்த சில வரிகளே பதிவாயின. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மணம் ஒன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. பேரறிஞர் அண்ணா முதலமைச்சரான 1967-இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய திருமண அழைப்பிதழோ வாழ்த்துமடலோ இருந்தால் அதனைக் குப்பையென்று எண்ணாதீர். தலைமை வகித்தவர் பெயர், அச்சகத்தின் பெயர், இரு வீட்டாரின் ஊர் யாவும் அதிலுண்டு.

அடுத்தது, நம் மதுரைச் சீமையில் வழங்கும் மொய் நோட்டு. பிள்ளையார் சுழியிட்டு, தேதியிட்டு, ஊர், பெயர், தொகை என்று எழுதும் அந்நோட்டு, கடன் திருப்புவதற்காக எழுதப்படுவது என்பது உண்மையே. ஆயின் உறவின் வரைபடமும் அதுவே. தாய்மாமன் சீர் முதலில் வரும். பின்னர் மேலக்குயில்குடி, வடிவேல்கரை, செக்கானூரணி என்று ஊர்வாரியாகப் பெயர்கள் வரும். ஒரே பெயருடையோர் பலராதலின், ‘கொல்லம்பட்டறை’, ‘நெட்டையன் மகன்’, ‘பட்டாளத்தார்’ என்று அடையாளமும் எழுதுவர். பணத்திற்குப் பதிலாக ஒரு படி நெல், ஒரு பித்தளைச் செம்பு என்றும் வரும். வறட்சி ஆண்டில் நடந்த மணத்தின் நோட்டு மெலிந்திருக்கும். ஒரு பெண் தன் பெயரிலேயே மொய் செய்திருந்தால், அவர் தனித்துக் குடும்பம் நடத்தியவரா என்று விசாரிக்க வேண்டும். ஒரு பங்காளியின் பெயர் ஒரு நோட்டில் இருந்து அடுத்த நோட்டில் இல்லையெனின், அங்கே ஒரு மரணமோ மனத்தாங்கலோ ஊர் பெயர்தலோ இருக்கும். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அந்நோட்டை அவர்முன் விரித்துக் கேட்டால், ஒவ்வொரு வரியும் ஒரு கதை சொல்லும். கணக்குத் தீர்ந்ததும் நோட்டை எரித்துவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுக.

செய்ய வேண்டுவன

இறுதியாக, நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, கோடை விடுமுறையில் நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் தெரிந்த திருமணங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதட்டும். யார், யாரை, எந்த ஊரில், ஏறத்தாழ எந்த ஆண்டில் என்பது போதும். ஆண்டு நினைவில்லையெனில், எந்தத் தேர்தலுக்கு முன், எந்த வெள்ளத்திற்குப் பின் என்று கேட்டு எழுதுக. பாட்டிமாரைத் தவறாது கேட்க வேண்டும். பெண் வீட்டு உறவு அவர்களுக்கே முழுமையாகத் தெரியும்.

இரண்டு, பதிவேட்டிலிருந்து எடுக்கும்போது உள்ளது உள்ளவாறே எடுக்க வேண்டும். பிழையாகத் தோன்றினும் திருத்தலாகாது. பக்க எண்ணையும், ஓரக் குறிப்பையும், வெற்றிடத்தையும் குறிக்க வேண்டும். பிறர் குடும்பத்தைப் பற்றி அறிய நேர்ந்ததை அவர் இசைவின்றி வெளியிடுதல் கூடாது. பழிச்சொல்லைத் துடைப்பதற்காகத் தொடங்கிய வேலை மற்றொருவர்க்குப் பழிச்சொல்லாக முடிந்துவிடலாகாது.

மூன்று, இன்று நடக்கும் திருமணங்களைப் பதிவு செய்தல். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எச்சமயத்தார் திருமணமாயினும் 2009 நவம்பர் 24 முதல் பதிவு செய்தல் கட்டாயம். மணநாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆயினும் நம் பகுதியில் மண்டபத்திற்கும் பந்தலுக்கும் இலட்சங்களைச் செலவிட்டுவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு மட்டும் செல்லாதவர் உளர். வாரிசுச் சான்று, கைம்பெண் உதவித்தொகை, கடவுச்சீட்டு, கைவிடப்பட்ட பெண்ணின் வழக்கு ஆகிய நேரங்களில் அதன் அருமை தெரியும். சாதி மறுத்து மணந்தவர்க்கோ அப்பதிவு உயிர்க்காப்பாகவும் அமையும். சங்கத்தின் சார்பில் ஒரு தொண்டர் குழு அமைத்து, புதுமணத் தம்பதியரைப் பதிவுக்கு அழைத்துச் செல்லலாம்.

நம் முன்னோர் கீறலிட்ட பத்தியில் நம் பிள்ளைகள் கையொப்பமிடுகின்றனர். இந்த மாற்றத்திற்காகத்தான் இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது. அப்பிள்ளைகள் தம் பெயரோடு நின்றுவிடாமல், கீறலிட்டவர்களின் பெயரையும் தேடி எழுதுவார்களாயின், சங்கத்தின் அடுத்த விழா மலரில் நம் குடும்பங்களின் வரலாறே ஒரு தனிப் பகுதியாக இடம்பெறும். அதற்கு என்னாலான உதவியைச் செய்யக் காத்திருக்கிறேன்.